நத்தை நரம்பில் வேதித் தூது

ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்கள் நரம்புக் கடத்திகள் எனப்படும். மருத்துவ நூல்களில் இவற்றைப் பற்றி உள்ள அடிப்படைச் செய்திகளில் கணிசமானவை அட்டை, மட்டி, நத்தை, கடல்முயல், கல்லிறால் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களிடமிருந்து கிடைத்தவை. இந்த உயிர்களில் சில கடத்தி ஆய்வுக்குள் முதலில் வந்தபோது அவற்றின் நரம்பு எப்படி இயங்குகிறது என்பது கேள்வியாக இருக்கவில்லை. வேறொரு விலங்கின் திரவத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அளவுகோலாகவே அவை பயன்பட்டன.

இந்த வகையில் முதலில் வந்தது அட்டை. அதன் முதுகுத் தசை அசிட்டைல்கோலின் பட்டதும் சுருங்கும். எசரின் என்ற மருந்தில் ஊறவைத்தால் அந்தத் தசை பல மடங்கு கூர்மையாக உணர்கிறது என்று ஹெர்மன் ஃபூனர் 1918-இல் கண்டார். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை எசரின் முடக்கிவிடுவதே இதற்குக் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. 1921-இல் ஆட்டோ லோவி, தவளை இதயத்தை மந்தமாக்கும் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று காட்டினார். ஆனால் அந்தப் பொருள் நரம்பு முனையில் மிகச் சொற்ப அளவிலேயே வெளிவருகிறது. அக்காலத்து வேதியியல் முறைகளுக்கு அது அகப்படாது. ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவையும் உணரக்கூடிய அட்டைத் தசை அந்தக் குறையைத் தீர்த்தது.

பெர்லினில் இந்த முறையைத் தேர்ந்து பழகியவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பர்க். யூதர் என்பதால் 1933-இல் நாஜி அரசு அவரைப் பணிநீக்கம் செய்தது. லண்டனில் ஹாம்ஸ்டெட் ஆய்வகத்தில் இருந்த ஹென்றி டேல் அவருக்கு இடமளித்தார். ஃபெல்ட்பர்க்கோடு அட்டைத் தசை முறையும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் அந்த ஆய்வகம் பல நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் வெளிவருவதை வரிசையாக மெய்ப்பித்தது. டேல், ஃபெல்ட்பர்க், மார்த்தே வோக்ட் ஆகியோர் 1936-இல் வெளியிட்ட கட்டுரை, உடல் தசைகளை இயக்கும் நரம்புகளின் முனையிலும் அதுவே சுரக்கிறது என்று காட்டியது. அதே ஆண்டு டேலும் லோவியும் நோபல் பரிசு பெற்றார்கள்.

அட்டை அசிட்டைல்கோலினுக்குச் செய்ததை மட்டி செரடோனினுக்குச் செய்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் மாட்டின் குருதி நீரிலிருந்து, இரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளை 1948-இல் பிரித்தெடுத்திருந்தனர். அதுவே செரடோனின். அதற்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அப்போது யாரும் கருதவில்லை. ஹார்வர்டில் ஜான் வெல்ஷ், வீனஸ் மெர்சனேரியா என்ற மட்டியின் இதயத்தைச் சோதனைக் கருவியாக வைத்திருந்தார். அசிட்டைல்கோலின் அந்த இதயத்தை மந்தமாக்கும், செரடோனின் அதன் துடிப்பை வலுப்படுத்தும். அவருடைய மாணவி பெட்டி ட்வாராக் எடுத்துக்கொண்டது இன்னொரு சிப்பியின் தசை. பாறையில் ஒட்டி வாழும் மைட்டிலஸ் சிப்பிக்கு, ஒருமுறை சுருங்கினால் மணிக்கணக்கில் இறுகியே இருக்கும் தசை ஒன்று உண்டு. சுருங்கச் செய்வது அசிட்டைல்கோலின் என்று தெரிந்திருந்தது. அதைத் தளரவைப்பது எது என்பதே ட்வாராக்கின் கேள்வி. செரடோனினை இட்டதும் தசை தளர்ந்தது.

சிப்பியின் நரம்பில் இப்படியொரு வேலை செய்யும் பொருள் பாலூட்டியின் மூளையிலும் இருக்க வேண்டும் என்று ட்வாராக் எண்ணினார். கிளீவ்லாந்துக்குச் சென்று பேஜின் ஆய்வகத்தில் இடம் பெற்றார். மூளைத் திசுவின் சாற்றை மட்டியின் இதயத்தில் இட்டுப் பார்த்தார். பாலூட்டிகளின் மூளையில் செரடோனின் உண்டு என்று அவரும் பேஜும் சேர்ந்து 1953-இல் அறிவித்தனர். மனச்சோர்வு மருந்துகளைச் செரடோனினோடு இணைக்கும் பேச்செல்லாம் தொடங்கும் இடம் இதுதான். சிப்பித் தசையைப் பற்றிய அவருடைய சொந்தக் கட்டுரை 1954-இல்தான் அச்சேறியது. செரடோனினைப் பற்றி எழுதுவோர் அவருடைய பெயரைத் தவறாமல் சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு அது சொல்லப்படவில்லை.

இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் வேறொரு திசையிலிருந்து இதே பொருளிடம் வந்து சேர்ந்தார். முயலின் குடற்சுவரிலிருந்து 1930-களில் தாம் எடுத்த எண்டரமின் என்ற பொருளை அவர் ஆக்டோபஸின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் கண்டார். 1952-இல் அதன் வேதி அமைப்பு தெளிவானபோது, எண்டரமினும் செரடோனினும் ஒன்றே என்று ஆயிற்று. அதே சுரப்பியில் அவர் கண்ட இன்னொரு பொருள் ஆக்டோபமின். ஆக்டோபஸிலிருந்து பெயர் பெற்ற அது பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் முதன்மையான கடத்திகளுள் ஒன்று என்பது பிறகு தெரிய வந்தது.

இதுவரை முதுகெலும்பற்ற உயிர்கள் கொடுத்தது ஒரு தசை, ஓர் இதயம், ஒரு சுரப்பி. தனி நரம்பணு ஒன்றில் கடத்தி என்ன செய்கிறது என்று பார்க்க, கையாளத்தக்க பெரிய நரம்பணு வேண்டும். பாலூட்டியின் மூளையில் ஓர் அணுவின் உடல் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தாலே பெரியது. தோட்டத்து நத்தையின் நரம்பு முடிச்சுகளில் அதைப் போலப் பல மடங்கு பெரிய அணுக்கள் உண்டு. அப்லிசியா என்ற கடல்முயலின் மிகப் பெரிய அணு ஒரு மில்லிமீட்டரைத் தொடும். வெறும் கண்ணுக்கே தெரியும். நத்தையின் இனத்தைச் சேர்ந்ததே கடல்முயலும்; ஓடு மட்டும் குறுகிப்போய் உடலுக்குள் மறைந்திருக்கும். அதன் நரம்பு மண்டலம் முழுவதிலும் இருப்பவை ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள்தான்.

இந்த அணுக்களின் அருமையை முதலில் உணர்ந்தவர் பிரான்சில் பணியாற்றிய ஆஞ்சலீக் அர்வானிட்டாகி. நத்தையிலும் கடல்முயலிலும் உள்ள பெரிய அணுக்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடியும் என்று அவர் 1940-களில் காட்டினார். ஒரு விலங்கில் பார்த்த அதே அணுவை அடுத்த விலங்கிலும் அதே இடத்தில் தேடிப் பிடிக்கலாம். அணுவின் சுவரைத் துளைத்து உள்ளே மின்னழுத்தத்தை அளக்கும் நுண்ணிய கண்ணாடி மின்முனை 1949-க்குப் பிறகு ஆய்வகங்களில் பரவியதும், செக் நாட்டிலிருந்து வந்து பிரான்சில் குடியேறிய லாடிஸ்லாவ் டௌக் அதை இந்த அணுக்களில் செலுத்தினார். இன்னொரு கண்ணாடிக் குழாய் வழியே கடத்தியை மிகச் சிறு அளவில் அணுவின் மேற்பரப்பில் விடவும் முடிந்தது. ஓர் அணு, ஒரு பொருள், ஒரு பதில் என்று தனித்தனியாகப் பார்க்கும் வசதி அப்போதுதான் கைகூடியது.

அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஹெர்ஷ் கெர்ஷென்ஃபெல்டும் டௌக்கும் 1960-களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளே இந்த வரலாற்றின் திருப்புமுனை. அமைதியாக இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஐம்பது அறுபது மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். அந்த வேறுபாடு ஓரளவு குறைந்தால் அணு கிளர்ந்து மின்துடிப்பை எழுப்பும், கூடினால் அடங்கும். அசிட்டைல்கோலினைச் சில அணுக்களில் இட்டபோது அவை கிளர்ந்தன. பக்கத்திலேயே இருந்த வேறு சில அணுக்களில் அதே பொருளை இட்டபோது அவை அடங்கின. முதல் வகைக்கு டி அணுக்கள் என்றும் இரண்டாம் வகைக்கு எச் அணுக்கள் என்றும் பெயரிட்டனர். கிளர்ச்சிக்கு ஒரு பொருள், அடக்கத்துக்கு வேறொரு பொருள் என்று எண்ணிப் பழகியிருந்த காலம் அது. கடத்தியிடம் அப்படி நிலையான குணம் எதுவும் இல்லை என்று இந்தச் சோதனை சொன்னது. விளைவைத் தீர்மானிப்பது அதைப் பெற்றுக்கொள்ளும் அணுவே.

அது எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு நத்தை தந்த விடை எதிர்பாராத அளவுக்கு நுட்பமானது. அணுவின் சுவரில் உள்ள ஏற்பியில் கடத்தி வந்து பொருந்தியதும் அயனிகள் செல்லும் வாயில் ஒன்று திறக்கிறது. சோடியம் வாயில் திறந்தால் நேர்மின் அயனிகள் உள்ளே வந்து அணு கிளர்கிறது. குளோரைடு வாயில் திறந்தால் வழக்கமாக அணு அடங்குகிறது. ஆனால் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு கெர்கட் குழுவினர் ஹெலிக்ஸ் நத்தையின் அணுக்களுக்குள் குளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று 1960-களில் அளந்தபோது, எச் அணுக்களைவிட டி அணுக்களில் அது கணிசமாக அதிகம் என்று கண்டனர். மடையைத் திறந்தால் நீர் எந்தப் பக்கம் பாயும் என்பது இரு பக்கத்து நீர்மட்டத்தைப் பொறுத்தது அல்லவா? உள்ளே குளோரைடு குறைவாக இருந்தால் திறந்த வாயில் வழியே அது உள்ளே புகுந்து அணுவை அடக்கும். உள்ளே மிகுந்திருந்தால் வெளியேறி அணுவைக் கிளர்த்தும். ஒரே கடத்தி ஒரே வகை வாயிலைத் திறந்தாலும் விளைவு தலைகீழாகலாம்.

ஒரே அணு சுரக்கும் கடத்தி இரு எதிர் விளைவுகளைத் தருமா என்பது அடுத்த கேள்வி. ஒரு நரம்பணு தன் எல்லா முனைகளிலும் ஒரே கடத்தியைத்தான் விடுகிறது என்ற கருத்து டேலின் பெயரால் வழங்கி வந்தது. அதிலிருந்து, ஓர் அணு ஒன்று கிளர்த்தும் அணுவாக இருக்கும், இல்லாவிட்டால் அடக்கும் அணுவாக இருக்கும் என்ற முடிவுக்குப் பலர் தாவியிருந்தனர். எரிக் காண்டெல் 1962-இல் பிரான்சுக்குச் சென்று டௌக்கிடம் கடல்முயலைப் பழகினார். நாடு திரும்பிய பின் அவருடைய குழு 1967-இல் அதன் வயிற்று நரம்பு முடிச்சின் அணுக்களுக்கு எண்ணும் எழுத்தும் கொடுத்து வரைபடம் வெளியிட்டது. அதில் எல்10 என்று குறிக்கப்பட்ட ஓர் அணு அசிட்டைல்கோலினைச் சுரந்து தன் தொடர்பணுக்களில் சிலவற்றைக் கிளர்த்தியது, சிலவற்றை அடக்கியது. நத்தையினத்துக்கு வெளியே இத்தனை தெளிவான சான்று அன்று கிடைத்திருக்காது.

பாரிசில் பணியாற்றிய அமெரிக்கரான ஜாக்ஸூ கீஹோ 1972-இல் இந்தக் கதைக்கு இன்னோர் அடுக்கைச் சேர்த்தார். கடல்முயலின் சில அணுக்களில் அசிட்டைல்கோலின் இரண்டு கட்டமாக அடக்கத்தை உண்டாக்கியது: முதலில் விரைந்து தோன்றி மறையும் ஒன்று, பின் மெதுவாக எழுந்து நீண்ட நேரம் நிற்கும் ஒன்று. முதலாவது குளோரைடால் விளைந்தது, இரண்டாவது பொட்டாசியம் அணுவை விட்டு வெளியேறுவதால் விளைந்தது. குராரே நஞ்சு முதலாவதைத் தடுத்தது; இரண்டாவதை அது தொடவில்லை. கிளர்த்தும் சோடியம் ஏற்பியையும் சேர்த்தால், ஒரே பொருளுக்கு மூன்று தனித்தனி ஏற்பிகள். செரடோனினுக்கு இந்தப் பட்டியல் மேலும் நீண்டது. கெர்ஷென்ஃபெல்டும் பொபார்டன்-ட்ரிச்சும் 1974-இல் ஹெலிக்ஸ் நத்தையிலும் கடல்முயலிலும் ஆறு வகைப் பதில்களைப் பிரித்துக் காட்டினர். சிலவற்றில் செரடோனின் வாயில்களைத் திறந்தது. சிலவற்றில் ஏற்கெனவே திறந்திருந்தவற்றை மூடியது.

மூடுவதும் ஒரு செயல் என்பதுதான் நினைவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. கடல்முயலின் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டால், பிறகு சிறு தொடுதலுக்கும் செவுளை வேகமாக இழுக்கும். காண்டெலின் குழு இதன் வேதிப் படிகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து துருவியது. அதிர்ச்சி பட்டதும் சில அணுக்கள் செரடோனினைச் சுரக்கின்றன. அது தொடுவுணர்வு அணுவின் முனையில் உள்ள ஏற்பியில் பொருந்தி, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற இரண்டாம் தூதுவனை உண்டாக்குகிறது. அந்தத் தூதுவன் ஒரு நொதியைத் தூண்ட, நொதி ஒருவகைப் பொட்டாசியம் வாயிலை மூடுகிறது. பொட்டாசியம் வெளியேற முடியாததால் அணுவின் மின்துடிப்பு நீள்கிறது. நீண்ட துடிப்பில் கால்சியம் அதிகமாக உள்ளே வருகிறது. அதனால் அடுத்த அணுவை நோக்கி அதிகக் கடத்தி வெளியாகிறது. சைக்ளிக் ஏஎம்பியின் பங்கு 1976-இலும் பொட்டாசியம் வாயில் மூடுவது 1982-இலும் காட்டப்பட்டன.

ஒருமுறை இட்ட செரடோனினின் விளைவு சில நிமிடங்களில் அடங்கிவிடும். வளர்ப்புத் தட்டில் வைத்த அணுக்களுக்கு அதை இடைவெளி விட்டு ஐந்து முறை கொடுத்தபோது, இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸின் வலுவூட்டம் ஒரு நாளைக் கடந்தும் நீடித்தது. அந்த நேரத்தில் அணு புதிய புரதங்களை உண்டாக்குவதைத் தடுத்தால் நீண்டகால விளைவு தோன்றவில்லை. குறுகியகால விளைவு மட்டும் மாறாமல் இருந்தது. குறுகிய நினைவும் நெடிய நினைவும் வேதியியல் அளவிலேயே வேறுபட்டவை என்பதற்கு 1986-இல் வெளியான இந்தச் சோதனை மிக எளிய, மிக அழகிய சான்று. காண்டெலுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்லிறால், நன்னீர்க் கல்லிறால் போன்ற ஓடுடைய கணுக்காலிகளின் கதை இதற்கு இணையாக நடந்தது. நம் உடல் தசைகளுக்கு வருவது கிளர்த்தும் நரம்பு மட்டுமே. தசை தளர வேண்டுமானால் அந்த நரம்பு ஓய வேண்டும். கணுக்காலிகளின் தசைக்கோ கிளர்த்தும் நரம்பும் அடக்கும் நரம்பும் தனித்தனியே வருகின்றன. ஆகவே அடக்கும் கடத்தியைத் தேடுவோருக்கு இவையே தகுந்த களம். எர்ன்ஸ்ட் ஃப்ளோரி 1950-களில் பாலூட்டி மூளையின் சாற்றை நன்னீர்க் கல்லிறாலின் இழுவிசை உணரும் அணுவில் இட்டார். தொடர்ந்து துடித்துக்கொண்டிருந்த அணு நின்றுபோனது. அதற்குக் காரணமான பொருள் காபா என்று சுருக்கமாக வழங்கும் காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் என்பதை மாண்ட்ரியாலில் பேஸ்மோர், எலியட், ஃப்ளோரி மூவரும் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்து 1956-57-இல் அறிவித்தனர்.

இருந்தாலும் அது நரம்பு முனையிலிருந்து வெளிவருகிறதா என்ற ஐயம் நின்றது. ஹார்வர்டில் எட்வர்டு கிராவிட்ஸ் முதலானோர் அமெரிக்கக் கல்லிறாலின் ஒற்றை நரம்பிழைகளைக் கையால் பிரித்தெடுத்து, அடக்கும் இழைகளில் மட்டுமே காபா பெருமளவில் செறிந்திருப்பதைக் கண்டனர். 1966-இல் ஒட்சுகா, ஐவர்சன், ஹால், கிராவிட்ஸ் நால்வரும், அடக்கும் நரம்பைத் தூண்டினால் காபா வெளிவருகிறது, கிளர்த்தும் நரம்பைத் தூண்டினால் வருவதில்லை என்று காட்டினர். காபா ஒரு கடத்தி என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. மூளையில் அடக்கம் பெரும்பாலும் இதன் வழியே நடக்கிறது என்ற இன்றைய அறிவுக்கு அடித்தளம் அது.

கணுக்காலித் தசையைக் கிளர்த்துவது குளுட்டமேட் என்று ஜப்பானின் தக்கேயுச்சி இணையர் 1964-இல் காட்டினர். பூச்சிகளிலும் அப்படியே. நம் தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் பூச்சிகளில் மூளைக்குள் வேலை செய்கிறது. நம் மூளையில் வேலை செய்யும் குளுட்டமேட் அவற்றின் தசையை இயக்குகிறது. வயலில் தெளிக்கும் நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் பூச்சியின் அசிட்டைல்கோலின் ஏற்பிகளையே தாக்குகின்றன. குளுட்டமேட்டும் எல்லா இடத்திலும் கிளர்த்துவதில்லை. நத்தை, பூச்சி, உருளைப்புழு ஆகியவற்றின் பல அணுக்களில் அது குளோரைடு வாயிலைத் திறந்து அணுவை அடக்குகிறது. பாலூட்டிகளுக்கு அந்த வகை வாயில் கிடையாது. ஆற்றுக்குருடு, யானைக்கால் நோய்களுக்குத் தரப்படும் ஐவர்மெக்டின் புழுக்களின் இந்த வாயிலைத் திறந்தபடியே வைத்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. நோயாளியின் உடல் பெருமளவு தப்பிக்கொள்கிறது.

ஆக்டோபமின் என்ன செய்கிறது என்பதையும் கல்லிறாலே விளக்கியது. உயிருள்ள கல்லிறாலின் குருதியில் செரடோனினைச் செலுத்தினால் அது உடலை வளைத்து, சண்டைக்கு நிற்பதுபோல் எழும். ஆக்டோபமினைச் செலுத்தினால் காலும் வாலும் நீண்டு, பணிந்தாற்போல் படுக்கும். 1980-இல் வெளியான இந்தக் கட்டுரை, ஒரு சில அணுக்களின் சுரப்பு முழு விலங்கின் நிலையையே மாற்றக்கூடும் என்று காட்டியது.

சிறு மூலக்கூறுகளுக்குப் பின் பெப்டைடுகளின் காலம் வந்தது. டேவிட் பிரைசும் மைக்கேல் கிரீன்பர்க்கும் ஒரு மட்டியின் நரம்பு முடிச்சுகளிலிருந்து நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட, இதயத்தைத் தூண்டும் பெப்டைடை 1977-இல் வெளியிட்டனர். எஃப்எம்ஆர்எஃப் அமைடு என்று அழைக்கப்படும் அது கடல்முயலின் உணர்வணுவில் செரடோனின் மூடும் அதே பொட்டாசியம் வாயிலைத் திறக்கிறது. ஹெலிக்ஸ் நத்தையின் வேறோர் அணுவில் நேராகச் சோடியம் வாயிலைத் திறந்து நொடியில் கிளர்த்துகிறது. பெப்டைடுகள் மெதுவாக, சுற்றுவழியாகத்தான் செயல்படும் என்ற நம்பிக்கையை இது உடைத்தது. அந்த வாயிலின் மரபணு 1995-இல் ஹெலிக்ஸிலிருந்தே கண்டறியப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மழைக்காலத்தில் தோட்டங்களைப் பாழாக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. வில்லியம் பென்சன் 1847-இல் மொரீஷியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்ட நத்தைகளே இந்தியாவில் அதன் பரவலுக்குத் தொடக்கம். ஜப்பானில் ஹிரோஷி தக்கேயுச்சி குழுவினர் அதன் பெரிய நரம்பணுக்களைப் பெயரிட்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தக் கடத்திக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்று பதிவு செய்தனர். 1989-இல் அதே நத்தையின் நரம்பு முடிச்சுகளிலிருந்து அகாட்டின் என்ற பெப்டைடு கிடைத்தது. உயிர்களின் புரதங்கள் பொதுவாக எல்-வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. அகாட்டினிலோ ஓர் அமினோ அமிலம் அதன் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவத்தில் இருந்தது. அதை எல்-வடிவமாக மாற்றிச் செய்த பெப்டைடை நத்தையின் அணு கண்டுகொள்ளவே இல்லை.

ஹாலந்து, ஹங்கேரி, கனடா நாட்டு ஆய்வகங்கள் லிம்னேயா என்ற குளத்து நத்தையைத் தேர்ந்துகொண்டன. அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை உள்ளிழுக்கும். கனடாவின் கால்கரியில் சையது, புல்லக், லுக்கோவியாக் மூவரும் இந்த மூச்சை இயக்கும் மூன்று அணுக்களை வெளியே எடுத்து வளர்ப்புத் தட்டில் வைத்தனர். அவை மீண்டும் ஒன்றோடொன்று சினாப்ஸ் அமைத்துக்கொண்டன. அவற்றுள் டோபமின் என்ற கடத்தியைச் சுரக்கும் அணுவைத் தூண்டியதும் மூச்சின் தாளம் தட்டிலேயே எழுந்தது. 1990-இல் வெளியான இந்தச் சோதனையில், ஒரு நடத்தையின் தாளத்தை எழுப்பும் நரம்புச் சுற்று முழுவதும் மூன்று அணுக்களாகக் கண்முன் இருந்தது.

லிம்னேயாவின் மிகப் பெரிய கொடை 2001-இல் வந்தது. அதன் நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் துணையணுக்கள் ஒரு புரதத்தைச் சினாப்ஸுக்குள் விடுகின்றன என்று ஆம்ஸ்டர்டாமில் ஆகஸ்ட் ஸ்மிட் குழுவினர் கண்டனர். வெளிவந்த அசிட்டைல்கோலினில் ஒரு பகுதியை அது பற்றிக்கொண்டு, செய்தியின் வலுவைக் குறைக்கிறது. இந்தப் புரதம் ஐந்து கூறுகள் வட்டமாகச் சேர்ந்தது. மனிதத் தசையிலும் மூளையிலும் உள்ள நிகோட்டின் வகை அசிட்டைல்கோலின் ஏற்பியின் வெளிப்பகுதியைப் பெரிதும் ஒத்திருந்தது. ஏற்பியே அணுச் சுவரில் புதைந்திருப்பதால் அதைப் படிகமாக்குவது அப்போது பெரும் தடையாக இருந்தது. நத்தையின் புரதமோ நீரில் கரைவது, எளிதில் படிகமாவது. டிட்டியா சிக்ஸ்மா குழுவினர் அதன் அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு வரைந்தபோது, அசிட்டைல்கோலின் வந்து பொருந்தும் குழி இரண்டு கூறுகளின் இடுக்கில், நறுமண வளையமுள்ள அமினோ அமிலங்களால் சூழப்பட்டிருப்பது முதன்முறையாக மூலக்கூறின் நுண்விவரங்களோடு தெரிந்தது. நிகோட்டின் வகை ஏற்பிகளுக்கான மருந்துகளை வடிவமைப்போர் அதன்பின் பல ஆண்டுகள் இந்தப் படத்தையே மாதிரியாகக் கொண்டார்கள்.